ஒரு பக்கத்தை விரித்து வையுங்கள்: கலை, உள்ளலங்காரப் புத்தகக் கடையில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி

நான் கடையில் நடத்திய முதல் நிகழ்ச்சிக்கு நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். உள்ளலங்கார வடிவமைப்பாளர் ஒருவர் எண்பது ஸ்லைடு போட்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள். விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தபோது அலமாரிகளைப் பார்த்தேன். அன்று மாலை ஒரு புத்தகம்கூட தன் இடத்தை விட்டு அசையவில்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான படங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்திருக்கிறோம். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். நிகழ்ச்சியைப் பேச்சாளரிடமிருந்தோ தலைப்பிலிருந்தோ தொடங்குவதில்லை. கடையில் இருக்கும் ஒரு புத்தகத்தின் ஒரே ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நிகழ்ச்சி முடிந்து அதே பக்கத்தை மறுபடி பார்க்கும்போது, வந்தவர்களுக்கு அது வேறு பக்கமாகத் தெரிய வேண்டும். கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு விதியை எப்படி நடத்திக்காட்டுவது என்பதைப் பற்றித்தான்.

எந்தப் பக்கம்?

அழகான பக்கத்தை எடுக்காதீர்கள். அழகான பக்கம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். படத்தில் சரியாகத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அளவு தெரியாத ஒரு வரைபடம், நிறம் நம்ப முடியாத ஒரு ஓவியம், எப்படிச் சேர்த்தார்கள் என்று புரியாத ஒரு நாற்காலி. கேள்வி எழுப்பும் பக்கம் எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது.

உதாரணமாக, உள்ளலங்கார வரலாறு பேசும் புத்தகங்கள் பலவற்றில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையின் தரைப்படம் இருக்கும். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926-இல் வடிவமைத்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரின் பொதுக் குடியிருப்புகளுக்காக ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் கட்டினார்கள். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். புத்தகத்தில் அது உள்ளங்கை அளவுகூட இருக்காது. எல்லோரும் "ஓ, சின்னது" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

நாங்கள் அதைக் கடையின் தரையில் முழு அளவில் ஒட்டினோம்.

இதை விரிவாகவே சொல்கிறேன். நான் நடத்தியவற்றில் மிகவும் பிடித்தது இதுதான், செய்வதும் எளிது. வேண்டியது மாஸ்கிங் டேப், அளவு டேப், காலி அட்டைப் பெட்டிகள். டேப் இரண்டு அங்குல அகலத்தில் இருக்கட்டும். ஒரு அங்குல டேப் பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு ஒரு நிறம், மேடைக்கும் அடுப்புக்கும் இன்னொரு நிறம். ஓரங்களை ஒட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் செவ்வகம் நேராக இருக்கிறது. நான் முதல் தடவை இதைச் செய்யாமல் விட்டு, அறை சாய்ந்துபோய், மறுபடி முழுவதும் உரித்து ஒட்டினேன். மூலைவிட்டம் சுமார் 3.9 மீட்டர் வர வேண்டும். வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதை டேப்பிலேயே எழுதிவிடுங்கள். புத்தகம் வந்த அட்டைப் பெட்டிகளை வேலை மேடையின் உயரத்துக்கு அடுக்கி வையுங்கள். உயரம் இல்லாமல் தரையில் கோடு மட்டும் இருந்தால் உடம்பு அதை அறையாக ஏற்றுக்கொள்ளாது, கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்கும்.

பிறகு ஒருவரை உள்ளே அனுப்புங்கள். பாத்திரம் கழுவுவது போல, துடைப்பது போல, அடுக்குவது போல வெறுங்கையால் செய்யச் சொல்லுங்கள். இன்னொருவர் வெளியே நின்று காலடிகளை எண்ணட்டும். ஷூட்டே-லிஹோட்ஸ்கியும் அவர் காலத்து ஆய்வாளர்களும் வீட்டு வேலைகளை நேரம் பார்த்து அளந்து, எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் இந்தத் திட்டத்துக்கு வந்தார்கள். ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையையும் ஷூட்டே-லிஹோட்ஸ்கி முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். இதை எல்லாம் பேச்சாளர் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. காலடி எண்ணி முடித்த பிறகு சொல்ல வேண்டும். அப்போதுதான் கேட்பவர் முகத்தில் ஒரு மாற்றம் வரும்.

அடுத்தது இரண்டாவது ஆளையும் உள்ளே அனுப்புங்கள். எங்கள் கடையில் ஒரு தாயும் மகளும் போனார்கள். அடுப்புப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் போக மகள் உடம்பைத் திருப்பி ஒடுங்க வேண்டியிருந்தது. அந்த அம்மா டேப்புக்குள் நின்றபடியே, "இதுல ஒருத்திதான் வேலை செய்ய முடியும். அப்ப அந்த ஒருத்தி யாருன்னு இவங்க முதல்லயே முடிவு பண்ணிட்டாங்க" என்றார். அந்தச் சமையலறையைப் பற்றிப் பிற்கால விமர்சகர்கள் எழுதிய கட்டுரைகளின் சாரம் அது. அவர் அந்தக் கட்டுரைகள் எதையும் படித்தவர் இல்லை. இரண்டு நிமிடம் உள்ளே நின்றார், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்து அதே தரைப்படத்தைச் சுற்றி அனுப்பினோம். யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை. விரலை வைத்து நடந்து பார்த்தார்கள்.

நிறத்துக்கு ஒரு மாலை

நிறம் பற்றிய நிகழ்ச்சி எல்லோரும் கேட்பது, கெட்டுப்போவதும் அதுதான் அதிகம். காரணம் கடையின் விளக்கு. மலிவான எல்இடி பல்புகளில் அடர் சிவப்பு செத்துப்போய்த் தெரியும். பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை அந்த பல்பு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு அது. 90-க்கு மேல் இருப்பதை வாங்குங்கள், குறைந்தபட்சம் நிகழ்ச்சி மேசைக்கு மேலே இருக்கும் விளக்குகளுக்காவது. அச்சுத் துறையில் நிறம் சரிபார்க்க 5000 கெல்வின் ஒளியை, அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை ஒளியை, தரமாக வைத்திருக்கிறார்கள். கடை முழுக்க அப்படிப் போட்டால் முகங்கள் வெளிறித் தெரியும், அதனால் பார்வை மேசை ஒன்றுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

முக்கியமாக, நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில் முந்தின நாள் ஒத்திகை பாருங்கள். பகலில் ஜன்னல் ஓரம் அழகாகப் பொருந்திய இரண்டு துணிகள் மாலை விளக்கில் சண்டை போடும். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியும் நிறங்கள் உண்டு. இது நம் கண்ணின் குறை இல்லை. இரண்டு சாயங்களும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு, ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மட்டும் அவை கண்ணுக்கு ஒன்றாக வந்து சேர்கின்றன. வீட்டுக்குத் திரைச்சீலை எடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், பெயர்தான் தெரியாது. இதையே ஒரு நிகழ்ச்சியாக நடத்தலாம். மூன்று விதமான பல்புகள், ஒரே மேசை, வந்தவர்கள் கொண்டுவந்த துணித் துண்டுகள்.

இன்னொன்று, காகிதம் வெட்டும் மாலை. 1824-இல் பாரீசின் கோப்லின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் மிஷெல் யூஜீன் ஷெவ்ருல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் என்ன நிறத்தை வைத்து நெய்தார்களோ அதுதான் கறுப்பைக் கெடுத்தது. அதிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சியை 1839-இல் புத்தகமாக வெளியிட்டார். இந்தக் கதையைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். பிறகு ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து வெட்டிய இரண்டு சிறு சதுரங்களை ஆளுக்குக் கொடுங்கள். ஒன்றைச் சிவப்புத் தாளின் மேலும் மற்றொன்றைப் பச்சையின் மேலும் வைக்கச் சொல்லுங்கள். "அக்கா, எனக்கு ரெண்டு வேற வேற துண்டு கொடுத்துட்டீங்க" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இரண்டையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தாள் மினுமினுப்பு இல்லாததாக இருக்க வேண்டும், சதுரம் பெரிதாகிவிடக் கூடாது. அடியில் இருக்கும் வண்ணத் தாள் கையளவு என்றால் சதுரம் கட்டை விரல் நகத்தளவு. இதில் கத்தரிக்கோல் தட்டுப்பாடு வந்தால் மொத்தமும் தளர்ந்துவிடும், ஆகவே முன்னாடியே வெட்டி உறையில் போட்டுவிடுங்கள்.

அது முடிந்ததும் ஒரு ஓவியப் புத்தகத்தை விரித்து, அதில் உள்ள சாம்பல் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் போதும். அரை மணி நேரம் யாரும் நகர மாட்டார்கள்.

உருப்பெருக்கி மாலையும் இதே வழிதான், சுருக்கமாகச் சொல்கிறேன். நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் நாலைந்து வாங்கி வையுங்கள். நாலு கலர் அச்சில் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகக் கூடி நிற்கும். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசையும் வேறு வேறு கோணத்தில் சாய்ந்திருப்பதால் வரும் கோலம் அது. பழைய கல்லச்சு வண்ணப்படத்தில் அந்தப் பூ இருக்காது, ஒழுங்கில்லாத மணல் போல இருக்கும். 1856-இல் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஓவன் ஜோன்ஸ் வெளியிட்ட அலங்கார வடிவத் தொகுப்பின் நூறு வண்ணப் படத்தாள்களும் அப்படி அச்சானவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், ஒவ்வொரு தாளும் அத்தனை முறை அச்சு ஏறி இறங்கியது. இன்றைய மறுபதிப்பையும், கிடைத்தால் ஏதாவது ஒரு பழைய கல்லச்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பேச்சாளரே தேவையில்லை.

வீட்டு அறையோடு வரச் சொல்லுங்கள்

உள்ளலங்கார நிகழ்ச்சிக்கு வருபவர் மனதில் ஒரு அறை இருக்கும். மேடையில் யார் என்ன பேசினாலும் அவர் அந்த அறையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அதை மறைத்துக்கொண்டு உட்காரவைப்பதைவிட, வெளியே எடுத்து மேசையில் வைக்கச் சொல்வது நல்லது. பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: ஒரே ஒரு அறை. நீளம், அகலம், உயரம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது. ஜன்னல் எந்தத் திசை. காலை ஒரு புகைப்படம், மாலை ஒரு புகைப்படம், இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. அறையை ஒழுங்குபடுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். சாவி எங்கே கிடக்கிறது, துணி எந்த நாற்காலியில் குவிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு வடிவமைப்பாளரை அழைத்து, ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். ஒரு மாலைக்கு ஆறு பேர், அதற்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் சுற்றி நின்று கேட்கலாம், அறைக்காரர் சம்மதித்தால் மட்டும். இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். யாருடைய வீட்டையும் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது. வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "இதை எடுத்துப் போடுங்க" என்று தொடங்க வேண்டாம், "இங்க யாரு உட்காருவாங்க?" என்று தொடங்குங்கள். ஒரு முறை இதைச் சொல்ல மறந்துவிட்டேன். வந்த நிபுணர் ஒரு பெண்ணின் வரவேற்பறைப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தப் பெண் பிறகு கடைக்கு வரவே இல்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

ஒவ்வொரு அறைக்கும் பதில் சொல்லும்போது அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் இறங்க வேண்டும். இதற்காக நானும் உதவியாளரும் முந்தின இரவு புகைப்படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கங்களில் துண்டுத் தாள் வைத்து அடுக்கிவிடுவோம். குறுகலான அறைக்கு ஒரு கப்பல் அறை, வெளிச்சம் வராத கூடத்துக்கு நிழலை விரும்பிக் கட்டிய ஒரு வீடு. இந்தத் துண்டுத் தாள் வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும். தவிர்க்காதீர்கள். கடைக்காரருக்குத் தன் அலமாரி எவ்வளவு தெரியும் என்பது வந்தவர்களுக்குப் புரிவது இந்த இடத்தில்தான்.

புத்தகத்தை எப்படித் தொடுவது

என் அப்பா பைண்டிங் வேலை செய்தவர். புத்தகத்தை யாராவது மேசையில் வைத்து முதுகு நெரிய அழுத்தினால் அவர் முகம் மாறும். அந்த வேதனை எனக்கும் வந்துவிட்டது. ஆனாலும் நிகழ்ச்சியில் புத்தகத்தைக் கண்ணாடிக்குள் வைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, தொடுவதற்கென்றே ஒரு பிரதியைப் பிரித்து வைப்பேன். ஞெகிழி உறையைக் கிழிக்காத கலைப் புத்தகத்தை யாரும் வாங்கத் துணிவதில்லை. ஒரு பிரதி அழுக்காவது நிகழ்ச்சியின் செலவில் சேர்த்தி என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பழைய, அரிய புத்தகம் என்றால் வேறு. தட்டையாக விரிக்காமல், இரண்டு பக்கமும் நுரைத் தலையணை கொடுத்துச் சாய்வாக விரியுங்கள். ஃபாரங்கள், அதாவது மடித்துத் தைத்த தாள் கட்டுகள், தையல் விட்டிருக்கிறதா என்று நடுப்பக்கத்தில் முன்பே பாருங்கள். வெள்ளைத் துணிக் கையுறை தேவையா என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களே பெரும்பாலான புத்தகங்களுக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கைதான் நல்லது என்கின்றன. கையுறை போட்டால் விரலுக்குத் தாள் தெரியாது, ஓரம் கிழியும். பழைய புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை. ஆகவே நுழைவாயிலில் கை கழுவ ஒரு இடமும் துடைக்கத் துணியும் வையுங்கள். குடிக்க எதுவும் கொடுப்பதாக இருந்தால், மேசைக்கு எதிர்ச் சுவரோரம். அசல் அச்சுத் தாள்களையோ நீர்வண்ணங்களையோ காட்டுவதானால் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்ச அளவில் நிறுத்திக்கொள்கின்றன.

பேச வருபவரும் உட்கார வருபவரும்

பேச்சாளருக்குப் பணம் கொடுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் முதல் பேச்சிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள். விளம்பரம் கிடைக்குமே என்று இலவசமாகக் கேட்கும் பழக்கம் கலைஞர்களைக் காலங்காலமாக அரித்துவருகிறது. கலைப் புத்தகம் விற்கும் நாமே அதைச் செய்யக் கூடாது.

அழைக்கும்போது பக்கத்தை அனுப்புங்கள், தலைப்பை அல்ல. "இந்தப் பக்கத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் ஆர்வமாகப் பேசினால் அவர்தான் ஆள். ஒரு தச்சர் இப்படித்தான் கிடைத்தார். 1859-இல் தோனெட் என்ற மரச்சாமான் நிறுவனம் வெளியிட்ட வளைமர நாற்காலியின் படத்தைக் காட்டினேன். ஆறு மரத்துண்டு, பத்து திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான் அந்த நாற்காலி. கழற்றினால் முப்பத்தாறு நாற்காலி ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கும். அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆவி பிடிக்க வெச்சு வளைச்சிருக்காங்க. வெளிப்பக்கம் பிளக்காம எப்படிப் பிடிச்சாங்கன்னுதான் பாக்கணும்" என்றார். அந்த ஒரு வரியில் முழு மாலையும் இருந்தது. வளைவின் வெளிப்புறத்தில் உலோகப் பட்டை கட்டி வளைத்தார்கள் என்பதை அவரே கண்டுபிடித்துச் சொல்ல, வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஸ்லைடு ஆறுக்கு மேல் வேண்டாம். படங்களைத் திரையில் போடவும் அழைப்பிதழில் அச்சிடவும் பதிப்பகத்திடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். ஓவியம், புகைப்படம் இரண்டுக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம்.

நாற்காலிகள் இருபத்து நாலு போதும். முப்பதைத் தாண்டினால் மேசையில் விரித்த பக்கம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, மறுபடி திரைக்குப் போய்விடுவோம். இருபத்து நாலு பேர் என்றால் மைக்கும் தேவையில்லை. புத்தக அலமாரிகள் ஒலியைச் சிதறவும் உறிஞ்சவும் செய்வதால் எதிரொலி குறைவு, சாதாரணக் குரலே போதும். கேட்பவர் கூட்டம் பெரிதாக இருந்தால் அதே நிகழ்ச்சியை மறுநாளும் நடத்துங்கள். கடைசி முப்பது நிமிடத்துக்கு நாற்காலிகளை ஒதுக்கி நிற்கவிடுங்கள். புத்தகம் கையில் ஏறுவது நிற்கும்போதுதான்.

அழைப்பிதழில் புகழுரை வேண்டாம். நாங்கள் எழுதியது இப்படி: "1926-இல் வரைந்த ஒரு சமையலறையைக் கடையின் தரையில் முழு அளவில் ஒட்டியிருக்கிறோம். உள்ளே நின்று வேலை செய்து பாருங்கள். இருபத்து நாலு பேர். தட்டையான செருப்பு அணிந்து வாருங்கள்." அந்தச் செருப்பு வரியைப் படித்துவிட்டே வந்ததாகப் பலர் சொன்னார்கள்.

விற்பனைப் பிரதிகளை இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, திருப்பி அனுப்பும் வசதியோடு வரவழையுங்கள். நிகழ்ச்சியின் நடுவில் விற்காதீர்கள். பில் போடும் மேசை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அங்கே ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கட்டும்.

மறுநாள்

டேப்பை அன்றிரவே உரிக்காதீர்கள். இரண்டு நாள் இருக்கட்டும். பிறகு தரையோடு தாழ்வாகப் பிடித்து மெதுவாக இழுங்கள், பசை தங்காது. அதற்கு மேல் விட்டால் தங்கும்.

தொடு பிரதியை எடுத்து எந்தப் பக்கத்தில் தானாக விரிகிறது என்று பாருங்கள். அதிகம் பேர் நின்ற பக்கம் அது. நாம் தேர்ந்தெடுத்த பக்கமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சமையலறை மாலைக்குப் பிறகு எங்கள் பிரதி விரிந்தது இருபது பக்கம் தள்ளி, சுவருக்குள் மடிந்து போகும் ஒரு கட்டிலின் படத்தில். என் குறிப்பேட்டில் அந்தப் பக்க எண்ணை எழுதி, கீழே "இதன் கீல் எங்கே இருக்கிறது?" என்று எழுதி வைத்தேன். அடுத்த மாத நிகழ்ச்சிக்குக் கீல் செய்பவர் ஒருவரைத் தேடிக்கொண்டு போனது அந்தப் பக்க எண்ணோடுதான்.